உக்கிரபாண்டிக்கு மூன்று ஆகாது

அன்று காலை எட்டு மணிக்கு ஆபரேஷன் அறை வாசலில் இருந்தவர்கள்:

காளவாசல் செங்கல் சூளையில் கல் சுமக்கும் உக்கிரபாண்டி. இரும்புக் கட்டிலில் மல்லாந்து கிடந்தான். அவன் பெண்டாட்டி சுந்தரம்மாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அண்ணன் பேச்சிமுத்து, நூல் மில் மேஸ்திரி. கோட்டுப் போட்டிருந்ததால் நின்றுகொண்டிருந்தான். காகிதமும் மைப்பெட்டியும் வைத்திருந்த கம்பவுண்டர் ஜலீல். சாவிக்கொத்தை இடுப்பில் தொங்கவிட்ட வாசல்காரன் காளை. இவர்கள் தவிர, சுந்தரம்மாளின் முந்தானை முடிச்சில் ஒரு கூழாங்கல்.

கூழாங்கல்லையும் ஆளாகத்தான் எண்ண வேண்டும். மூன்று பேராக ஒரு காரியத்துக்குக் கிளம்பக் கூடாது. ஆகையால் காளவாசலில் மாட்டுவண்டி ஏறும்போதே சுந்தரம்மாள் அதைப் பொறுக்கி, நாலாவது ஆளாக முடிந்துகொண்டாள். வண்டியில் வாயை மூடிக்கொண்டு வந்தது அது ஒன்றுதான்.

“பெருவிரலைக் குடுங்கம்மா,” என்றார் ஜலீல்.

“எத்தனைன்னு சொன்னீக?”

“மூணு. வலது கவுட்டில ஒண்ணு, இடது கவுட்டில ஒண்ணு, தொப்புள்ல ஒண்ணு. மூணு குடலெறக்கத்தையும் ஒரே மயக்கத்துல தச்சுருவாரு டாக்டர்.”

சுந்தரம்மாள் பெருவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“அண்ணே, நீ ஒண்ணுன்னுதானே சொன்ன?”

பேச்சிமுத்து அப்படித்தான் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கிளப்ப வேறு வழியில்லை.

“ஒண்ணோ மூணோ, தைக்கிறது அவரு. உனக்கென்ன வலிக்குது?”

“மூணு இட்லிகூட இலையில வைக்க மாட்டோம். மூணு இடத்துல கத்தி வைக்கிறதுக்கு நான் கைநாட்டு வைக்கணுமா? மாட்டேன்.”

பேச்சிமுத்துவுக்கு வயிற்றில் வாயு புரண்டது. அவனுக்கு அது பழைய தொந்தரவு. நாலு விரல் அகலத் தோல் பெல்ட்டை இறக்கிக் கட்டி அதை அடக்கி வைத்திருந்தான். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு யோசித்தான்.

யோசிக்க நேரம் இல்லை. போன வாரம் உக்கிரபாண்டியின் வலது பக்கத்துக் குடல் வெளியே வந்து மாட்டிக்கொண்டது. அரை நாள் அலறினான். டாக்டர் பஞ்சாபகேசன் கையால் தள்ளி உள்ளே அனுப்பிவிட்டு, இன்னொரு முறை மாட்டினால் தள்ளிப் போகாது, ஆள்தான் போவான் என்று சொல்லிவிட்டார். அந்த டாக்டருக்கும் மாற்றல் ஆகிவிட்டது. இன்று சாயங்கால ரயிலில் பட்டணம் போகிறார். அடுத்தவர் எந்த மாசம் வருவாரோ யாருக்கும் தெரியாது.

உக்கிரபாண்டி போனால் சுந்தரம்மாள் வருவாள். அவளோடு ஆறு பிள்ளைகள் வரும். மொத்தம் ஏழு. பேச்சிமுத்துவின் வீட்டில் ஒரு அறைதான். தங்கச்சி தாலி நிலைக்க வேண்டும் என்று அவனைப்போல மனம் உருகி வேண்டிக்கொண்டவன் மதுரையில் அன்று வேறு யாரும் இல்லை.

“கிறுக்கி மாதிரி பேசாத,” என்றான். “ரெண்டு கவுட்டியும் ஒரு சோடிதானே? ஒரு சோடிச் செருப்பு வாங்கினா ரெண்டு வாங்கினேன்னா சொல்லுவ? சோடி ஒண்ணு, தொப்புள் ஒண்ணு. ஆக ரெண்டு.”

சுந்தரம்மாள் யோசித்தாள். பெருவிரல் பாதி வெளியே வந்தது. ஜலீல் மைப்பெட்டியைத் திறந்தார்.

“சோடி இல்ல மச்சான்,” என்றது கட்டில். “வலது கத்தரிக்கா அம்புட்டு இருக்கு. இடது பாக்கு அம்புட்டு. இப்படி ஒரு சோடியை எவன் சேத்துக்குவான்?”

பெருவிரல் உள்ளே போயிற்று.

உக்கிரபாண்டி மணலில் புதைந்த செங்கல் வண்டியை வைகை ஆற்றில் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவன். மூன்று இறக்கமும் அன்றைக்கு வந்தவைதான். வண்டிக்கு அஞ்சாதவன் கத்திக்கு அஞ்சினான். அஞ்சுகிறேன் என்று சொல்ல வெட்கப்பட்டவனுக்குப் பெண்டாட்டியின் சாத்திரம் தோதாக வந்து வாய்த்தது.

“ஆகாதுன்னா விட்ருங்க மச்சான். வீட்டுக்குப் போவோம். வண்டிக்காரன் நிப்பான்.”

“படுடா மாப்ள.”

“நான் பயந்துக்கிட்டுச் சொல்லல. அவ மனசு சங்கடப்படுதேன்னு பாக்கேன்.”

ஜலீல் மைப்பெட்டியை மூடினார். “சீக்கிரம் சொல்லுங்கண்ணே. டாக்டர் கை கழுவ ஆரம்பிச்சுட்டாரு.”

பேச்சிமுத்துவின் கண் முந்தானை முடிச்சில் விழுந்தது.

“இம்புட்டுத்தானே? மூணு பேருக்கு நாலாவதா கல்லு வந்துச்சு. மூணு எறக்கத்துக்கும் நாலாவதா ஒரு கல்லு போகட்டும். அதை அவுத்துக் குடு.”

“இது நம்மளோடது. இதைக் குடுத்துட்டா நாம மூணு பேராயிருவோம்ல?”

பேச்சிமுத்து முற்றத்துக்குப் போனான். அங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் குனிந்தால் வாயு இறங்கிப் பிடித்துக்கொள்ளும். எனவே காளையைக் கூப்பிட்டு விரலால் காட்டினான். காளை உருண்டையாக ஒன்றை எடுத்துத் துடைத்தான்.

“இதை மாப்ள கையில குடுத்து உள்ள அனுப்பு.”

“அப்படியே கொண்டுபோகப்படாதுண்ணே. டாக்டர் உத்தரவு. எது உள்ள போனாலும் அரைமணி நேரம் தண்ணியில கொதிச்சுத்தான் போகணும்.”

“அப்பக் கொதிக்கப் போடு.”

காளை உத்தரவை மீறாதவன். போன மாதம் ஒரு தானிய வியாபாரி மேசையில் படுத்தவன் கத்தியைப் பார்த்ததும் எழுந்து, இடுப்பில் ஒன்றுமில்லாமல் கடைத்தெரு வரை ஓடிவிட்டான். அன்று முதல், ஆள் உள்ளே போனதும் கதவைப் பூட்ட வேண்டும், வேலை முடிந்துதான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. காளை அதற்குப் பிறகு ஒரு ஈயைக்கூட வெளியே விட்டதில்லை. கல்லையும் அதே ஒழுங்கோடு கொண்டுபோய்க் கொதிக்கும் தண்ணீரில் போட்டான்.

கால் மணி நேரம் நல்லபடியாகப் போயிற்று. சுந்தரம்மாள் கல் வெந்ததும் கைநாட்டு வைப்பதாக ஒப்புக்கொண்டாள்.

பிறகு உள்ளே டாக்டரின் குரல் கேட்டது.

“யாருடா அது, கல்லை வேக வச்சது?”

கத்தரி, இடுக்கி, ஊசிகளுக்கு நடுவே அது குதித்துக்கொண்டிருந்ததாம். கூரான கத்தி இரண்டின் முனை மழுங்கிவிட்டது. கல் ஜன்னல் வழியாகப் பறந்து வந்து முற்றத்தில் விழுந்தது. வேறு கத்தி எடுத்து, எல்லாவற்றையும் முதலில் இருந்து கொதிக்க வைக்க வேண்டும். மணி ஒன்பது.

“பாத்தியாண்ணே,” என்றாள் சுந்தரம்மாள். “நாலாவதை வெளிய எறிஞ்சுட்டாரு. இதைவிடச் சகுனம் எப்படிச் சொல்லும்?”

உக்கிரபாண்டி எழுந்து உட்கார்ந்து துண்டைத் தேடினான்.

பேச்சிமுத்து அவனை ஒரு கையால் அழுத்திப் படுக்க வைத்தான். மில்லில் இருநூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன் அவன். இந்தக் குடும்பத்தில் மூன்று பேரை, இல்லை, இரண்டு பேரை ஒரு கதவுக்குள் அனுப்ப முடியவில்லை. இருமினான். இரண்டு விரலைப் பெல்ட்டுக்கு அடியில் விட்டு வாயுவை உள்ளே தள்ளிவிட்டு, தங்கச்சி பக்கம் திரும்பினான்.

“சுந்தரம், நல்லாக் கேட்டுக்க. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். மூணு இல்ல. நாலு.”

“நாலா?”

“உம் புருசன் ஒண்ணை மறைக்கிறான்.”

“நான் எதை மறைச்சேன்?” என்று உக்கிரபாண்டி அலறினான்.

“வெக்கப்பட்டு மறைக்கிறான். ஆம்பள விசயம், உனக்குத் தெரியாது.”

சுந்தரம்மாள் அண்ணனைக் கண்ணுக்குக் கண் பார்த்தாள். “சத்தியமா?”

பேச்சிமுத்து ஏழு பேரையும் அவர்கள் பாய்களையும் நினைத்துக்கொண்டான்.

“பாண்டி கோயில் மேல சத்தியம். நாலாவது இருக்கு.”

காளை இரண்டடி பின்னால் போனான். ஜலீல்கூட மைப்பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கோர்ட்டில் பொய்ச் சத்தியம் பண்ணுகிறவன் உண்டு, பெற்ற பிள்ளை தலையில் அடித்துப் பண்ணுகிறவனும் உண்டு. பாண்டிச் சாமி மேல் பண்ணுகிறவன் இல்லை. பண்ணினவர்கள் யாரும் திரும்பி வந்து, எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

“அப்ப நாலுன்னு எழுதச் சொல்லு, வைக்கிறேன்,” என்றாள் சுந்தரம்மாள்.

பேச்சிமுத்து ஜலீலைப் பார்த்துக் கண்ணடித்தான். ஒரு எண்ணை மாற்றி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஜலீல் கண்ணடித்தால் புரிந்துகொள்கிற கம்பவுண்டர் இல்லை. பதினாறு வருஷமாக ஒரு சொட்டு மருந்தைக்கூட மாற்றி ஊற்றாத மனுஷர்.

“நாலாவதா? இதை மொதல்லயே சொல்ல வேண்டாமாண்ணே? யா அல்லா, டாக்டர் பாக்காம விட்டுட்டாரே,” என்று உள்ளே ஓடினார்.

டாக்டர் பஞ்சாபகேசன் ஈரக் கையோடு வெளியே வந்தார். ஒல்லியான மனுஷர். காலையிலிருந்து ஒரு கல்லையும் ஒரு கைநாட்டையும் தாண்ட முடியாத எரிச்சல் முகத்தில் இருந்தது.

“எழுந்து நில்லுடா. இருமு.”

உக்கிரபாண்டி நின்று இருமினான். டாக்டர் வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், விலாவுக்குக் கீழே, தொடைக்கு மேலே, முதுகு ஓரம் எல்லாம் அமுக்கிப் பார்த்தார்.

“இன்னும் பலமா இருமு.”

“இல்லாததை எப்படிச் சாமி இருமிக் காட்டுறது?”

“இருமு!”

உக்கிரபாண்டி கோபத்தில் இருமினான். ஐந்தாவது இருமலில் அவன் முகம் மாறிற்று. ஆறாவது இருமல் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்து, கட்டிலில் விழுந்து, சூளைக் காடு வரை கேட்கும்படி ஒரு சத்தம் போட்டான்.

வலது பக்கம் மாட்டிக்கொண்டது.

டாக்டர் அவன் காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளினார். நெற்றி வியர்க்கத் தள்ளினார். கத்தரிக்காய் அசையவில்லை. கல்லாக இருந்தது. அவர் நிமிர்ந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. அதுதான் பேச்சிமுத்துவைப் பயமுறுத்தியது.

“இனிமே தள்ளினா போகாது. இப்பவே அறுத்தா பிழைப்பான். ரெண்டு மணி நேரம் போச்சுன்னா உள்ளே குடல் கறுத்துடும். அப்புறம் நான் தைக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. கைநாட்டு எங்கே?”

சுந்தரம்மாள் அழுதாள். அழுதுகொண்டே பெருவிரலை இறுக மூடியிருந்தாள்.

“நாலுன்னு எழுதுங்க சாமி. ஒடனே வைக்கிறேன். மூணுன்னு எழுதின காயிதத்துல வச்சு அவரைக் கொல்ல மாட்டேன்.”

“நான் பார்த்தது மூணு. இல்லாத வியாதியை நான் எழுத மாட்டேன்.”

“எங்கண்ணன் பாண்டி கோயில் மேல சத்தியம் பண்ணிருக்கு சாமி. அது பொய் சொல்லாது.”

எல்லாரும் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள். கட்டிலில் உக்கிரபாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அவன் இப்போது வீட்டுக்குப் போவோம் என்று சொல்லவில்லை. “மச்சான், எதையாவது சொல்லி உள்ள அனுப்பிருங்க மச்சான்,” என்று கேட்டான்.

பொய் என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பெருவிரல் பிறகு எதற்கும் திறக்காது.

“நீர்தானா சத்தியம் பண்ணினவர்?” என்றார் டாக்டர். “அவன் உடம்புல எனக்கு அகப்படலை. எந்த இடம்னு உம்ம உடம்புல தொட்டுக் காட்டும்.”

பேச்சிமுத்து இனிப் பின்வாங்க முடியாது. கோட்டை விலக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, அடிவயிற்றில் கை போன இடத்தில் விரலை வைத்தான்.

“இங்கன சாமி.”

டாக்டர் கிட்ட வந்து அதே இடத்தில் தன் இரண்டு விரலை வைத்தார். “அவன் எப்படி இருமுவான்? இருமிக் காட்டும்.”

பேச்சிமுத்து இருமினான். அரை மனசோடு இருமினால் பொய் தெரிந்துவிடும் என்று நன்றாகவே இருமினான்.

“இன்னொரு தரம்.”

இருமினான்.

“எவ்வளவு நாளா?”

“மூணு வருசமா சாமி.” வாயில் வந்ததைச் சொன்னான்.

“அமுக்கினா உள்ளே போயிடுமா?”

“போயிரும் சாமி. சத்தம்கூட வரும்.”

டாக்டர் கையை எடுத்தார். கோர்ட்டில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீலைப்போல மேலும் கேட்டுக்கொண்டே போனார்.

“உமக்கு வயசு என்ன?”

“நாப்பத்தொண்ணு.”

“நெஞ்சு வலி, மூச்சு முட்டல் உண்டா?”

“எனக்கா? மில்லுல வந்து கேளுங்க சாமி.”

“காலம்பற என்ன சாப்பிட்டீர்?”

“பச்சத் தண்ணி பல்லுல படல. மாப்ள இப்படிக் கெடக்கையில எனக்குச் சோறு எறங்குமா?” இதைத் தங்கச்சிக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னான். உண்மையில் வாயு இருந்தால் அவன் காலையில் சாப்பிடுவதில்லை.

டாக்டர் உக்கிரபாண்டியை ஒரு தரம் பார்த்தார், சுந்தரம்மாளின் மூடிய கையைப் பார்த்தார், கடைசியாகப் பேச்சிமுத்துவைப் பார்த்தார்.

“சரி. அந்த அம்மா சொல்றது சரிதான். நாலு. ஜலீல், நாலுன்னு எழுதும்.”

ஜலீல் எழுதினார். சுந்தரம்மாளின் பெருவிரல் மலர்ந்தது. மையில் தோய்ந்து, காகிதத்தில் நாலுக்குக் கீழே அழுத்தமாக விழுந்தது.

“நீரும் இதுல ஒரு கையெழுத்துப் போடும்,” என்று டாக்டர் இன்னொரு தாளை நீட்டச் சொன்னார்.

தாள் முழுக்க இங்கிலீஷ். பேச்சிமுத்துவுக்கு இங்கிலீஷில் தன் பெயர் மட்டும் தெரியும். ஆனாலும் கோட்டுப் போட்டவன் படிக்காமல் போடக் கூடாது. ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டி, இரண்டு இடத்தில் தலையாட்டி, பிறகு சாட்சிக் கையெழுத்தைப் போட்டு அடியில் இரண்டு கோடும் இழுத்தான்.

கட்டில் உள்ளே போனது. காளை கதவைப் பூட்டினான்.

அதன் பிறகு நேரம் நகரவில்லை. கதவிடுக்கில் குளோரோபாரத்தின் தித்திப்பு வாடை வந்தது. முதலில் உக்கிரபாண்டி உள்ளே எண்ணுவது கேட்டது. “ஒண்ணு, ரெண்டு,” என்றவன் மூன்றைச் சொல்லாமல் “நாலு” என்றான். பிறகு சத்தம் நின்றது. சுந்தரம்மாள் முந்தானை முடிச்சை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். பேச்சிமுத்து சுவரில் சாய்ந்து நின்றான். ஒரு முறை இடுக்கிகள் தட்டில் விழும் சத்தம் கேட்டது. ஒரு முறை டாக்டர் “வெளிச்சம், வெளிச்சம்” என்று கத்தினார். ஒரு முறை வெகு நேரம் எதுவுமே கேட்கவில்லை. அந்த நேரத்தில் பேச்சிமுத்து ஏழு பாய்களை அறையில் எப்படி விரிப்பது என்று விரித்துப் பார்த்தான். நாலுக்கு மேல் விரிக்க இடமில்லை.

ரொம்ப நேரம் கழித்துத்தான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. அத்தனை கறாரான டாக்டர் தனக்காகப் பொய் எழுதியிருக்கிறார். படித்தவர்களுக்கும் ஈரம் இருக்கத்தான் செய்கிறது. பாண்டிச் சாமி வந்து கேட்டால், டாக்டரே எழுதிவிட்டார், அவரைப் போய்க் கேள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதினொன்றரைக்குச் சாவி திரும்பியது. ஜலீல் தலையை நீட்டினார். முகமெல்லாம் வியர்வை.

“அல்லா காப்பாத்திட்டான். குடல் செவந்துதான் இருந்துச்சு, கறுக்கல. ஆள் பொழச்சுக்கிட்டாரும்மா.”

சுந்தரம்மாள் இருந்த இடத்திலேயே விழுந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு சட்டென்று எழுந்தாள்.

“எத்தனை தச்சிருக்கு?”

“இதுவரைக்கும் மூணு.”

“மூணா?”

“பயப்படாதீங்க. நாலுன்னு எழுதினா டாக்டர் நாலு தைப்பாரு.” தலை உள்ளே போனது. காளை வாசலில் வந்து நின்றான்.

“மேஸ்திரி அண்ணே, டாக்டர் ஒங்களை உள்ள கூப்பிடுறாரு.”

பேச்சிமுத்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான். வெளி ஆளை அந்த அறைக்குள் கூப்பிட்டதாக அவன் கேள்விப்பட்டதில்லை.

“பாத்தியா சுந்தரம்? போறப்ப சொல்லிட்டுப் போகணும்னு நெனைக்காரு. மருவாதி தெரிஞ்சவரு.”

“எங்க வீட்டுக்காரரையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாண்ணே.”

“இந்தா வாரேன்.”

உள்ளே மருந்து வாடை மூக்கை அடைத்தது. அந்தப் பக்கத்துக் கதவு வழியாக உக்கிரபாண்டியின் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். டாக்டர் முதுகைக் காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். நடுவில் மேசை காலியாக இருந்தது. அதன்மேல் ஜலீல் புதுத் துணி விரித்துக்கொண்டிருந்தார்.

“கும்பிடுறேன் சாமி,” என்றான் பேச்சிமுத்து.

பதில் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“கோட்டைக் கழட்டுங்கண்ணே, பெல்ட்டையும் அவுத்துருங்க,” என்றான் காளை. “ஒங்க சத்தியம் பொய்யாகல. நாலாவது ஒங்க வயித்துலதான் இருக்காம்.”

கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி இரண்டு முறை திரும்பியது.